தண்டவாளத்துக்குப் புங்க எண்ணெய்

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊருக்கு ஒரு மலை உண்டு. மலை என்று சொன்னால் வேலூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தக் கரட்டின் மேல்தான் எங்கள் கடைத்தெரு, மசூதி, மாதா கோயில், தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிற கொட்டகை எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. அத்தனைக்கும் அடியில், பாறையைக் குடைந்து வெட்டிய ஒரு ரயில் சுரங்கம் இருந்தது. ஊரில் அதைக் குகை என்போம்.

பட்டை மூட்டையும் தோல் கட்டும் ஏற்றிப்போகிற கூட்ஸ் வண்டிக்காக வெட்டியது அது. சீமையில் பெரிய சண்டை வந்தபோது தண்டவாளத்தைப் பிடுங்கிக் கப்பலேற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் குகை வௌவாலுக்கும் பாம்புக்கும்தான். பிள்ளை அடம் பிடித்தால் "குகையில விட்டுட்டு வந்துடுவேன்" என்றுதான் எங்கள் தெருவில் மிரட்டுவார்கள். என்னையும் மிரட்டியிருக்கிறார்கள். "விடு, போறேன்" என்று நான் முன்னால் கிளம்பிவிடுவேனாம். வாய்த்துடுக்கு எனக்கு அப்போதே உண்டு. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்துப் படித்த பிறகு அது இன்னும் கொஞ்சம் நீண்டதே தவிரக் குறையவில்லை.

எனக்குக் கல்யாணமான வருஷம்தான் குகையைத் திறந்து, மறுபடி தண்டவாளம் போட்டு, அதில் ஜனங்கள் போகிற வண்டி விடப்போகிறார்கள் என்று தமுக்கு அடித்தார்கள். ஊரே வாயைப் பிளந்தது. நான் பிளக்கவில்லை. எனக்கு அப்போது என் வீட்டுக்காரருடைய கையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

அவர் தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தார். தோலில் இருக்கிற மயிர் தளர்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புரட்டிப் புரட்டி எடுப்பார்கள். அந்தத் தண்ணீருக்கு மாட்டுத் தோல் எது, மனுஷத் தோல் எது என்று தெரியுமா? மீசை முளைக்கிற வயசிலிருந்து அந்தக் குழியில் நின்றவர். உள்ளங்கை முழுக்க வெடிப்பு, விரல் நுனியெல்லாம் வழவழவென்று கோலிக்குண்டு மாதிரி. ரசத்தில் கை வைத்தால் துடித்துப்போவார். கல்யாணமான புதிதில் நான்தான் பிசைந்து ஊட்டிவிடுவேன். பக்கத்து வீட்டுப் பெண்கள், "இன்னாமே, புருஷனுக்கு ஊட்டி உட்டு கொஞ்சுறியா?" என்று கேலி செய்வார்கள். "ஆமா, உங்க ஊட்ல நடக்கலன்னு வயித்தெரிச்சலா?" என்று திருப்பிக் கொடுப்பேன். உள்ளே வந்து அழுவேன்.

வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காட்டினோம். "மறுபடி சுண்ணாம்பில் கை வைத்தால் இந்த விரல்கள் மடங்காமலே போய்விடும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சொல்லிவிட்டார், சரி. எங்கள் ஊரில் தோல் ஷாப்பை விட்டால் எந்த வாசலில் போய் நிற்பது? அந்த நேரத்தில்தான் குகையைச் சுத்தம் செய்ய ரயில்வேக்காரர்கள் ஆள் எடுத்தார்கள். அவரும் கூலியாகப் போய்ச் சேர்ந்தார்.

முதல் நாள் அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்தேனோ இல்லையோ, ஜில்லென்று ஒரு காற்று முகத்தில் வந்து மோதியது. அண்ணாந்து பார்த்தால் கூரையே தெரியவில்லை. எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதையும் மீறி, தலைக்கு மேலே, பாறைக்குள்ளிருந்து, தொம், தொம் என்று ஒரு சத்தம்.

"இன்னாங்க அது?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"பட்டைக் கொட்டகைமே. உலக்கை சத்தம். நாம இப்ப கடைத்தெருவுக்கு அடியில நிக்கிறோம்."

நான் மறுபடி அண்ணாந்தேன். கறிக்கடை, வளையல்கடை, ஜனங்கள், வண்டி மாடு, மாதா கோயில் மணி, எல்லாம் என் உச்சந்தலைக்கு மேலே. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். அந்த ஊரைத் தூக்கி நிறுத்தியிருப்பது எது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மாதாவே என்று சிலுவை போட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சோற்றைக்கூட மறந்துவிட்டு, அந்தக் குகையைத் தானே வெட்டின மாதிரி பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுத்தம் செய்து முடித்துத் தண்டவாளமும் போட்ட பிறகு, குகைக்கென்று ஒரு காவல் ஆளை நிரந்தரமாக வைக்கப்போவதாகப் பேச்சு வந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் லாந்தரோடு உள்ளே நடந்துபோய், கல் விழுந்திருக்கிறதா, ஆணி கழன்றிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. வெள்ளைக்கார இஞ்சினியர் துரைக்கு இவரைப் பிடித்துப்போனது. கூப்பிட்டுவிட்டார். ரயில்வே குமாஸ்தா ரிஜிஸ்டரை விரித்து, கட்டை விரலில் மையைத் தடவி, காகிதத்தில் அமுக்கினார். வெறும் கறுப்புத் திட்டுதான் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி அமுக்கினார். மறுபடியும் திட்டு.

"இன்னாய்யா இது, கைநாட்டா, மை கொட்டிச்சா?" என்று கேட்டார் குமாஸ்தா. "கோடே இல்லையே. யாரு வேணும்னாலும் இத வெச்சிருக்கலாம். இது செல்லாதுய்யா."

சுண்ணாம்பு அவருடைய ரேகையைக்கூட விட்டுவைக்கவில்லை. அதுவரை நாங்கள் யாரும் அதைக் கவனித்ததே இல்லை. கையெழுத்தும் தெரியாது, கைநாட்டும் விழாது. ரேகை திரும்பி வருகிறவரை தற்காலிகமாக வேலை பார்க்கட்டும், அதற்குள் ஏதாவது தப்புத்தண்டா நடந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று துரை சொல்லிவிட்டார். வீடென்ன வீடு? எங்களுக்கு அதற்கு அர்த்தம் சுண்ணாம்புக் குழி.

திறப்புக்கு முந்தின நாள் மத்தியானம் சோறு கொண்டுபோனேன். மேஸ்திரி ஸ்டேஷனில் மாவிலைத் தோரணம் கட்டப் போயிருந்தார். குகைக்குள்ளே இவரும் இவருடைய பழைய தோல் ஷாப்புத் தோஸ்துகள் நாலைந்து பேரும் முழங்காலிட்டுக் குனிந்து எதையோ தேய்தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கிட்டே போனால் புங்க எண்ணெய் வாடை.

எங்கள் தோல் ஷாப்பு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பதனிட்ட தோலை வாங்க வருகிறவர் முன்னால் வெறுமனே போடமாட்டார்கள். புங்க எண்ணெய் தடவி, துணியால் அழுத்தித் தேய்த்து, பளபளவென்று ஆக்கித்தான் விரிப்பார்கள். எண்ணெய் காணாத சரக்கைக் காட்டுவது எங்கள் ஆட்களுக்குப் பெரிய அவமானம். குகையிலோ மேலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டிப் புதுத் தண்டவாளம் செம்மண் நிறத்துக்குத் துருவேறிக் கிடந்தது.

"பெரிய பெரிய தொரைங்கல்லாம் வர்றாங்க," என்றார் இவர், நிமிராமலே. "துருப் புடிச்ச சரக்கையாமே காட்டுறது?"

லாந்தரைத் தூக்கிப் பிடித்தார். ஐயோ, அந்த அழகை என்னவென்று சொல்வேன்! அவ்வளவு இருட்டுக்குள்ளே இரண்டு வெளிச்சக் கோடுகள் வளைந்து நெளியாமல், கண்ணுக்கெட்டிய மட்டும், பாறையின் வயிற்றுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. "ஜோரா இருக்குதுய்யா" என்றேன். வேறென்ன சொல்வேன், எனக்கென்ன ரயிலைப் பற்றித் தெரியும்?

மறுநாள் காலை ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. மேளம் ஒரு பக்கம், பேண்டு ஒரு பக்கம். தோல் ஷாப்பு முதலாளி சாயபு ஜரிகைத் தொப்பியோடு முதல் வகுப்பில் ஏறினார். இஞ்சினியர் துரையும் ஏறினார். குகைக் காவல்காரர் பெண்டாட்டி என்று எனக்கும் மூன்றாம் வகுப்பில் ஓர் இடம் கிடைத்தது. என் பக்கத்தில் இருந்த வெளியூர்க்காரி என் புடவையில் தோல் வாடை அடிக்கிறதென்று மூக்கைப் பொத்தினாள். "உன் காலு செருப்புலயும் அதே வாடைதான்மா" என்றேன். கையை எடுத்துவிட்டாள்.

வண்டி கிளம்பிக் குகைக்குள் நுழைந்தது. பகல் பட்டென்று அணைந்தது. சக்கரத்தின் ஓசை நான்கு பக்கமும் மோதித் திரும்பி வந்து நெஞ்செலும்பில் அடித்தது. யாரோ ஓவென்று கத்தினார்கள், யாரோ "கோவிந்தா" என்றார்கள், யாரோ "யா அல்லா" என்றார்கள். மூக்கைப் பொத்திய அந்தப் பெண் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நானும்தான் பிடித்துக்கொண்டேன், இல்லையென்று சொல்லமாட்டேன்.

குகைக்குள் கொஞ்ச தூரம் போனதும் ஏற்றம் ஆரம்பிக்கும். அங்கேதான் வந்தது வினை. எஞ்சின் தடதடவென்று அதிர்ந்தது. சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்கிறது, வண்டி மட்டும் நகரவில்லை. புகை பெட்டிக்குள் புகுந்து எல்லோரும் இருமினோம். டிரைவர் வண்டியைப் பின்னால் விட்டு, வேகம் எடுத்து, மறுபடி ஏற்றிப் பார்த்தார். அதே இடத்தில் அதே கூத்து. கடைசியில் வண்டி பின்பக்கமாகவே ஊர்ந்து ஸ்டேஷனுக்குத் திரும்பியது. சாயபுவின் தாடியிலிருந்து துரையின் மூக்கு வரை எல்லாம் ஒரே கரி. பேண்டுக்காரர்களுக்கு வாசிப்பதா நிறுத்துவதா என்று தெரியவில்லை, பாவம், பாதிப் பேர் வாசித்தார்கள்.

குகை சாமிக்கு ஆடு வெட்டாத குற்றம் என்றார்கள் ஒரு கூட்டத்தார். துரைக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. டிரைவர் ஒரு சட்டைக்காரர், பாதி வெள்ளைக்கார வம்சம், ஆனால் எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுகிறவர். எஞ்சினில், சக்கரம் வழுக்காமலிருக்க அதற்கு முன்னால் மணல் கொட்டுகிற பெட்டி ஒன்று இருக்குமாம். அதில் மணல் ஈரத்தில் கட்டிப்போயிருந்தது. அதைப் பார்த்த துரை, ஜனங்கள் முன்னாலேயே டிரைவரை எகிறிக் குதித்துத் திட்டினார். இன்றோடு உன் வேலை போயிற்று என்கிறார் என்பது இங்கிலீஷ் தெரியாத எங்களுக்கே விளங்கியது.

நான் என் வீட்டுக்காரரைத் தேடினேன். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். அவர் தன் கையையே முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றைய பளபளப்பு இப்போதுதான் என் புத்தியில் உறைத்தது.

ஓடிப்போய் அவர் முழங்கையைக் கிள்ளினேன். "வாயத் தொறக்காத. யாருக்கும் தெரியாது."

"அந்த ஆளு வேலை போய்டும்மே."

"உன் வேலை?"

அவர் இரண்டு உள்ளங்கையையும் திருப்பி ஒரு தடவை பார்த்தார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகத் துரைக்கு முன்னால் போய் நின்றார். "நான்தாங்க எண்ணெ போட்டேன். தண்டவாளத்துக்கு. நல்லா இருக்கட்டும்னு."

குமாஸ்தா அதை இங்கிலீஷில் சொல்லி முடித்தார். முதலில் சிரித்தது டிரைவர்தான். அப்படியே எஞ்சின் படியில் உட்கார்ந்துவிட்டார். "அட பாவி மனுஷா! ரெண்டு தண்டவாளத்துக்கும் எண்ணெ தேய்ச்சுக் குளிப்பாட்டி உட்டியா?" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். துரை சிரிக்கவில்லை. முகம் கொள்ளிக்கட்டை மாதிரி சிவந்திருந்தது.

சாயபுதான் தாடியைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "அரே, எண்ணெ ஜாஸ்தி குடிச்ச தோலுக்கு நாம இன்னா பண்ணுவோம்? பட்டைத்தூளைப் போட்டு எடுப்போம். எடுங்கய்யா மூட்டைய!" என்றார். அவ்வளவுதான், தோல் ஷாப்பே காலி. ஆண்கள் பட்டைத்தூளைக் கொட்டிக் கோணியால் துடைத்துக்கொண்டே போக, பெண்கள் நாங்கள் பாலாற்று மணலைக் கூடை கூடையாகச் சுமந்துவந்து உள்ளே இறைத்தோம். பண்டிகைப் புடவையெல்லாம் பாழ். பொழுது சாய்வதற்குள் முடித்தோம்.

ஏற்றத்தில் வண்டி மறுபடி வழுக்கினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் வீச ஒருவர் உள்ளேயே இருக்கவேண்டும் என்றார் துரை. அது யார் என்று சொல்லவும் வேண்டுமா? ஆள் ஒதுங்கிக்கொள்ளச் சுவரில் மாடம் மாதிரி வெட்டியிருப்பார்கள். அதில் இவர் மணல் கூடையோடு நின்றார். லாந்தர் பிடிக்க நானும் நின்றேன். நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்டால் கொடுத்திருக்கவும் மாட்டார்கள்.

முதலில் தரை நடுங்கியது. காதில் எதுவும் விழுவதற்கு முன்னால் உள்ளங்காலில் தெரிந்தது. பிறகு எங்களைச் சுற்றியிருந்த காற்று முழுவதையும் யாரோ முன்னால் தள்ளுகிற மாதிரி ஒரு நெருக்கம். பாறைச் சுவரில் சிவப்பு வெளிச்சம் ஊர்ந்து வந்தது. உளி பட்ட ஒவ்வொரு தழும்பும், எந்தக் காலத்திலோ யார் யாரோ கொத்திய ஒவ்வொரு கொத்தும், அந்த வெளிச்சத்தில் எழுந்து நின்றது. நான் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். எஞ்சின் வந்தது. நெருப்பும் நீராவியும் என் முகத்தில் அடித்தன. இவர் மணலை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வீசினார். சக்கரம் ஒரு தடவை உறுமியது, மணலைக் கடித்தது, பிடித்துக்கொண்டது. ஏறியது! அதற்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகள், ஒவ்வொரு ஜன்னலிலும் முகங்கள், வாயைப் பிளந்த முகங்கள், கும்பிட்ட கைகள். நான் அழுதுகொண்டிருந்தேன். பயத்தில் இல்லை. இத்தனை பெரிய ஒன்று எங்கள் ஊரின் அடிவயிற்றில் புகுந்து போகிறது, அதற்கு என் புருஷன் கையிலிருந்து விழுந்த மண் பிடிப்பாக இருக்கிறது என்பதை என் மனசு தாங்கவில்லை.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதினார்கள். உத்தரவில்லாமல் தண்டவாளத்தில் எண்ணெய் தடவினேன் என்று அதில் இருந்தது. கீழே கைநாட்டு வைக்கவேண்டும். வைத்தார். அதே கறுப்புத் திட்டு. குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டார். துரை காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு இவருடைய கையைப் பிடித்துத் திருப்பி, விளக்குக்குக் கிட்டே கொண்டுபோய், நெடுநேரம் பார்த்தார். குமாஸ்தாவிடம் ஏதோ கேட்டார். குமாஸ்தா சொன்ன பதிலில் சுண்ணாம்பு என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது.

"இந்த வாக்குமூலம் இப்ப செல்லாதாம்," என்றார் குமாஸ்தா. "கோடு வர்ற வரைக்கும் தெனம் வண்டிக்கு முன்னால மண்ணு போடுவியாம். கோடு வந்ததும் வா. கைநாட்டை இதுல வாங்குறதா, ரிஜிஸ்டர்ல வாங்குறதான்னு தொரை அப்ப சொல்லுவாரு."

இதில் வாங்கினால் வேலை போகும். ரிஜிஸ்டரில் வாங்கினால் நிரந்தரம். எந்தப் பக்கம் என்று ரேகை வந்தால்தான் தெரியும். இப்படி ஒரு அவஸ்தையை யாராவது அனுபவித்திருப்பார்களா? காலையில் ஜெபம் பண்ணும்போது ரேகை சீக்கிரம் வரட்டும் என்பேன். சாயங்காலம் வேண்டாம் ஆண்டவரே, இப்படியே ஓடட்டும் என்பேன். எது என் வேண்டுதல் என்று ஆண்டவருக்கே குழம்பியிருக்கும். இதற்கிடையில் வெடிப்புகள் மூடின. ஒரு நாள் அவரே ரசம் சாதத்தைப் பிசைந்தார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் முடிந்திருந்தது. ஒரு காலை லாந்தர் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைக்க எடுத்தேன். புகைக் கரியில் ஒரு கட்டை விரல் பதிந்திருந்தது. நடுவில் சின்னதாய் ஒரு சுழி, அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக மெல்லிய கோடுகள். யாருடையது என்று யோசித்தேன். அந்த லாந்தரை அவரைத் தவிர யாரும் தொடுவதில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குகையை முதன்முதலில் அண்ணாந்து பார்த்தபோதுகூட அப்படிச் சிலிர்க்கவில்லை. தோலோடு தோலாகக் கரைந்துபோன ஒன்று, யாரும் கூப்பிடாமல், தன் வழி மறக்காமல், உள்ளேயிருந்து திரும்பி வந்திருக்கிறது. என் கையில் துணி இருந்தது. ஒரு துடைப்புத் துடைத்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். நான் துடைக்கவில்லை. கண்ணாடியை அப்படியே கொண்டுபோய் அவரிடம் காட்டினேன்.

"வாமே, போலாம்," என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

துரை அன்றைக்கு டிராலியில் வந்திருந்தார். குமாஸ்தா வாக்குமூலத்தையும் ரிஜிஸ்டரையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மை தடவினார். என் வீட்டுக்காரர் விரலை நீட்டிக்கொண்டு நின்றார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். துரை எழுந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்து, ரிஜிஸ்டரில் அமுக்கினார். எடுத்தபோது ஒரு கோடு பாக்கியில்லாமல் விழுந்திருந்தது. பிறகு வாக்குமூலத்தை எடுத்து, பழைய கறுப்புத் திட்டை ஒரு தடவை பார்த்து, கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு ஏதோ சொன்னார்.

"மை கொட்டின காகிதம் எதுக்கு வெச்சிருக்கன்னு என்னியத் திட்டுறாருய்யா," என்றார் குமாஸ்தா. அவருடைய முகத்திலும் சிரிப்பு.

வீடு வந்து சேர்ந்தபோது விரலில் மை முழுக்கக் காயவில்லை. அவர் உள்ளே போகாமல் வாசலில் நின்றார். கதவை ஒட்டிய சுவரில் கட்டை விரலை மெல்ல வைத்து எடுத்தார். லேசாகத்தான் விழுந்தது, ஆனால் சுழி தெரிந்தது. "இன்னாய்யா, செவுத்த நாசம் பண்ற?" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, அதன் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன்.

கடைசிவரை அவர் அந்தக் குகையில்தான் வேலை பார்த்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். அவரைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்த வருஷமும் அடித்தோம். வாசல் சுவர் வரும்போது மட்டும் சுண்ணாம்பு மட்டையை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. நானே வாங்கி, சுற்றிலும் பார்த்துப் பார்த்து அடிப்பேன். அந்த இடத்தில் ஒரு சொட்டுச் சுண்ணாம்பு படவிடமாட்டேன்.